மேல் பலகையில் இருந்த தம்ளர்

எண்பதுகளின் தொடக்கத்தில் தென்காசியை ஒட்டிய ஒரு கல்லூரியில், விளையாட்டு மாணவிகளுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்தேன். விளையாட்டுகளைச் சொல்லிக்கொடுக்க மூத்தவர் ஒருவர் இருந்தார். ஓடுகிறவள் இன்னும் வேகமாக ஓடவும், எறிகிறவள் இன்னும் தூரமாக எறியவும் அவர்கள் உடம்பில் வலுவை ஏற்றுவது மட்டும்தான் என் பொறுப்பு. இன்றைக்கு இந்த வேலைக்குப் பெரிய பெரிய பெயரெல்லாம் வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு ‘பி.டி. மேடம்’ என்று பெயர். என் முதுகுக்குப் பின்னால் மாணவிகள் ‘கசரத்து மேடம்’ என்பார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் நாசரேத் பக்கத்துக்காரி. வாய் கொஞ்சம் நீளம். ஒன்றைப் பார்த்தவுடன் ‘இதுதான் விஷயம்’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு உட்கார்ந்து யோசிக்கிற ஆள். என் வீட்டுக்காரரைக் கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார்.

கருவிகள் என்று பார்த்தால் கல்லூரியில் ஒன்றும் கிடையாது. இரும்புக் குழாயின் இரண்டு முனையிலும் காலிப் பெயிண்ட் டப்பாவைப் பொருத்தி, சிமென்ட் கலவையைக் கொட்டி இறுக வைத்தால் அதுதான் எங்கள் பளு. பழைய சைக்கிள் டியூபில் மணலை நிரப்பி இரண்டு பக்கமும் கட்டினால் தோளில் போட்டுக்கொண்டு ஓட ஒரு பாரம். ஜூன் மாதம் சாரல் பிடித்துவிட்டால் மைதானம் சேறாகிவிடும். அப்போது பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி, பண்பொழி திருமலைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் அந்தப் படிக்கட்டில் ஏற்றி இறக்குவேன். மணல் டியூபைச் சுமந்துகொண்டு பெண்பிள்ளைகள் வரிசையாக மூச்சிரைக்கப் படியேறுவதைப் பார்த்த சனங்கள், ஏதோ பெரிய நேர்ச்சை என்று நினைத்து ஒதுங்கி வழிவிடுவார்கள். ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளும் பரீட்சையில் பாஸாகிவிடும், முருகன் கைவிட மாட்டான் என்று ஆறுதல் சொன்னார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

அந்தக் கூட்டத்தில் ஈட்டி எறிகிற ஒரு பெண் இருந்தாள். கடையநல்லூர் போகிற வழியில் ஒரு சின்ன ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். மற்றவர்கள் அவளை ‘ஈட்டிக்காரி’ என்றே கூப்பிடுவார்கள். நானும் இங்கே அப்படியே சொல்லிவிடுகிறேன். காலென்றால் அப்படி ஒரு கால். திருமலைப் படியில் அவளை முந்த ஆள் கிடையாது. என்னைப் போல உடற்கல்வி படித்து ஆசிரியை ஆக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மதுரையில் நடக்கிற பல்கலைக்கழகப் போட்டியில் ஏதாவது ஒரு இடம் பிடித்தால் அதற்கு வழி பிறக்கும்.

ஆனால் ஓடிவந்து ஈட்டியை விடுகிற அந்தக் கடைசி நொடியில் எல்லாம் கெட்டுப்போகும். ஈட்டி எறிகிறவளுக்குக் கை நன்றாகப் பின்னால் போக வேண்டும். பிறகு முழங்கை காதுக்கு மேலே உயர்ந்து வர வேண்டும். இவளுக்கு முழங்கை விலாவை விட்டு விலகவே விலகாது. தோள்கள் இரண்டும் முன்பக்கமாகக் குவிந்து கிடக்கும். அத்தனை வேகமாக ஓடிவந்து, யாருக்கோ பயந்து ஒளித்து எறிகிற மாதிரி எறிவாள். ஈட்டி பக்கவாட்டில் நழுவிப் போய் விழும்.

கையில் வலுவில்லை என்று நான் தீர்ப்புச் சொன்னேன். தண்டால் எடுக்க வைத்தேன். சிமென்ட் டப்பாப் பளுவை மார்பிலிருந்து தள்ள வைத்தேன். அவளும் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் செய்தாள். கை வலுவேறியது, தோள் இன்னும் கொஞ்சம் முன்னால் குவிந்தது. மூத்தவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இவளுக்குப் பதிலாக வேறு ஒருத்தியைத் தயார் செய்யலாமா என்று கேட்க ஆரம்பித்தார்.

காரணம் தெரிந்தது ஒரு மத்தியான வேளையில். மழைக்கு ஒதுங்கி, எல்லாரும் வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் சுவரில் சாய்ந்தும் காலை நீட்டியும் அரட்டை அடித்துக்கொண்டு இருந்தார்கள். அவள் மட்டும் சம்மணம் போட்டு, தலையைக் கவிழ்த்து, இரண்டு முழங்கைகளையும் இடுப்போடு ஒட்டிக்கொண்டு, மடியில் வைத்த தூக்குச்சட்டியைப் பார்த்தபடி சாப்பிட்டாள். விரல்கள் மட்டும் விறுவிறுவென்று வேலை செய்தன. அந்த உட்காருகிற விதத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. வீட்டில் என்ன வேலை செய்வாய் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, பீடி சுற்றுவதாகச் சொன்னாள். மூன்றாம் வகுப்பிலிருந்து சுற்றுகிறாளாம். காலையில் பஸ் வருகிறவரை, சாயங்காலம் வீட்டுக்குப் போனதிலிருந்து தூங்குகிறவரை.

மதுரைப் போட்டி முடிகிறவரை பீடியைத் தொடாதே என்று சொன்னேன். சளி பிடித்த பிள்ளையிடம் ஐஸ் சாப்பிடாதே என்று சொல்வதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னேன். அவளும் சரி மேடம் என்றாள். மறுநாளிலிருந்து பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வகுப்புக்கு வருவாள், மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். என்னைக் கண்டால் வேறு பக்கமாகப் போய்விடுவாள்.

ஒரு சனிக்கிழமை நானே அவள் ஊருக்குப் போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் சாலையை ஒட்டியே அந்தத் தெரு. தூறல் விட்டிருந்த நேரம். வீட்டு வாசல்களிலும் ஓலைப் பந்தல்களின் கீழும் பெண்கள் மடியில் முறம் போன்ற சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுளகில் ஒரு பக்கம் வெட்டிய இலை, ஒரு பக்கம் புகையிலைத் தூள். குனிந்த தலை நிமிராமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். புது ஆள் வருகிறேன் என்று பார்த்தவர்கள்கூடக் கண்ணைத்தான் உயர்த்தினார்கள், கழுத்தை உயர்த்தவில்லை. தெரு முழுக்க ஈட்டிக்காரியின் தோள் உட்கார்ந்திருந்தது. சின்னப் பிள்ளையிலிருந்து நரைத்த தலைவரை எல்லாருக்கும் அதே தோள்.

அவள் அம்மா ஒல்லியான, கண்ணில் வெளிச்சமுள்ள பெண். அப்பாவுக்குப் புனலூர்ப் பக்கம் மரக்கடையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவாராம். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. தரையெல்லாம் தூள், சேலையில் ஒட்டும் என்று சொல்லி ஒரு பலகையைத் தள்ளிப் போட்டார். நான் ஏன் வந்திருக்கிறேன் என்று சொல்வதற்கு முன்பே அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

“நீங்க சொன்னது தப்புன்னு சொல்லல டீச்சர். ஆனா அவ சுத்தலேன்னா அந்தக் கட்டையும் நான்தான சேத்துச் சுத்தணும். எனக்கும் ரெண்டு கைதான இருக்கு.”

இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. வாரம் இத்தனை கட்டு என்று பீடிக்கடையில் ஒப்புக்கொண்டுதான் இலையும் தூளும் வாங்கி வருகிறார்கள். அது குறைந்துகொண்டே போனால் அடுத்த முறை இலை தர மாட்டார்கள். அதோடு இன்னொன்றும் சொன்னார். அந்தப் பக்கத்தில் பீடி சுற்றத் தெரிந்த பெண் என்றால்தான் மாப்பிள்ளை வீட்டார் விரும்பிக் கேட்டு வருகிறார்களாம். ஈட்டி எறிகிற பெண் என்று சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்ற ஈட்டிக்காரி மட்டும் சிரிக்கவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே காபி போட எழுந்தார். அடுக்களை எனக்கு நேரே தெரிந்தது. விருந்தாளிக்கென்று வைத்திருக்கும் எவர்சில்வர் தம்ளர் சுவரில் அடித்திருந்த மேல் பலகையில் இருந்தது. அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஏட்டி, அந்தத் தம்ளர எடு” என்று மகளைக் கூப்பிட்டார். எட்டாத உயரம் ஒன்றும் இல்லை. அவர் கை தோள் மட்டத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது, அவ்வளவுதான் விஷயம். என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? அருகே போய், கையை மேலே தூக்குங்கள் பார்ப்போம் என்றேன். தூக்கினார். அதே இடத்தில் நின்றது. இன்னொரு கையும் அப்படித்தான். அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட இருக்காது. பின்கழுத்தில் தாழ்வாகக் கிடந்த கொண்டையை அவர் போட்டுக்கொள்ளவில்லை, மகள்தான் தினமும் போட்டுவிடுகிறாள் என்பதும் அப்போது தெரிந்தது.

எத்தனை வருஷமாக இப்படி என்று பதறிப்போய்க் கேட்டேன். அவர் பதறவில்லை. அவருடைய அக்காவுக்கும் இப்படித்தானாம், எதிர்வீட்டு மதினிக்கும் இப்படித்தானாம்.

“கை மேல போவலேன்னா என்ன டீச்சர்? எங்க வேலையெல்லாம் கீழதான கெடக்கு.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. பக்கத்தில் தம்ளரோடு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இன்னும் இருபது வருஷம் போனால் இவளும் இதே பலகைக்குக் கீழே நின்று தன் மகளைக் கூப்பிடுவாள். அதுவரை எனக்கு ஈட்டிதான் கவலையாக இருந்தது. அந்த நிமிஷத்தில் ஈட்டி போய், அந்தத் தோள் ஒன்றுதான் கவலையாக நின்றது.

அப்போதுதான் என் வாய் முந்திக்கொண்டது. அவள் பீடி சுற்றட்டும், நான் தடுக்கவில்லை என்றேன். சுளகை மடியில் வைக்காமல் உயரமான பலகை ஒன்றின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும், முதுகு சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், ஒவ்வொரு கட்டு முடிந்ததும் எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கி மூன்று மூச்சு இழுத்துவிட வேண்டும் என்றேன். ஆடி மாதம் முடிகிறவரை இப்படிச் செய்யட்டும், அதுவரை பயிற்சிக்கும் வரட்டும் என்று கேட்டேன்.

“எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தா கட்டு கொறையாதா?” என்று கேட்டார் அந்த அம்மா.

குறையாது என்று சொன்னேன். உடம்புக்கு நடுநடுவே ஓய்வு கொடுத்தால் கை இன்னும் வேகமாக ஓடும் என்பது நான் படித்த படிப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“கொறஞ்சா?”

“குறைஞ்சா உங்க மகளை நான் இனிமே கிரவுண்டுக்குக் கூப்பிட மாட்டேன்.”

சொன்ன பிறகுதான், நான் பந்தயம் வைத்தது என் சொத்தை அல்ல, அந்தப் பெண்ணுடைய ஆசையை என்பது உறைத்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்த எல்லாரையும் வராந்தாவில் நிறுத்தினேன். உங்களில் யார் யார் வீட்டில் பீடி சுற்றுகிறீர்கள் என்று கேட்டேன். ஈட்டிக்காரி முதலில் கையைத் தூக்கினாள். பிறகு குண்டு எறிகிறவள். அதன் பிறகு ஓட்டக்காரிகள் ஒவ்வொருத்தியாக. ஏழெட்டுப் பேரைத் தவிர எல்லாக் கையும் மேலே வந்தது. மேலே என்று சொல்ல முடியாது, பாதி உயரத்துக்கு வந்தது. அது கூச்சத்தால் நின்ற உயரமா, தோள் இடம் கொடுத்த உயரமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு வருஷமாக இவர்களுக்குத்தான் நான் தண்டால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே பயிற்சித் திட்டத்தைத் தலைகீழாக மாற்றினேன். தண்டாலையும் தள்ளுகிற பளுவையும் நிறுத்தினேன். இனி இழுக்கிற வேலைதான். வேப்பமரத்துக் கிளையில் தொங்குவது, மணல் டியூபைத் தரையிலிருந்து விலாவுக்கு இழுப்பது, சுவரோடு முதுகையும் கையையும் ஒட்டிக்கொண்டு அப்படியே கையை மேலே நகர்த்துவது. விடுதிக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. உருளையில் தண்ணீர் இறைக்கும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் கை மேலே போகுமே, அதையும் விடவில்லை. எல்லாரும் முறை வைத்து விடுதித் தொட்டியை நிரப்பினார்கள். படிக்க வந்த பிள்ளைகளை இந்தப் பாடு படுத்துகிறாளே என்று ஆசிரியர்கள் ஓய்வறையில் பேச்சு கிளம்பியது. விடுதிச் சமையல்காரர் மட்டும் எனக்குக் கும்பிடு போட்டார்.

ஈட்டிக்காரியும் சொன்னபடி செய்தாள். அவள் எழுந்து நின்று கையைத் தூக்கும்போதெல்லாம் தெருவில் எல்லாரும் சிரிக்கிறார்களாம். யாரைக் கும்பிடுகிறாய் என்று கேட்கிறார்களாம். நீ கண்டுகொள்ளாதே என்றேன். மெல்ல மெல்ல முழங்கை விலாவை விட்டுப் பிரிய ஆரம்பித்தது. ஒரு நாள் அவள் விட்ட ஈட்டி நேராக எழும்பிப் போய்க் குத்தி நின்றது. மூத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேறொருத்தியைத் தயார் செய்கிற பேச்சு அதோடு நின்றது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாரல்தான் குறுக்கே வந்தது.

அந்த வருஷம் ஆடி முழுக்க மேகம் மலையை விட்டு இறங்கவே இல்லை. குற்றாலத்தில் கூட்டம் சொல்லி முடியாது. ஐந்தருவிப் பக்கம் பழக்கடைக்காரர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பூரிப்பு. ஊரே சாரலைக் கொண்டாடியது. நான் ஒருத்திதான் காலையில் எழுந்ததும் வெயில் வருமா என்று மலையைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தேன். சுற்றிய பீடியை வெயிலில் காயவைத்துத்தான் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஈட்டிக்காரி சொல்லியிருந்தாள். ஈரமாகக் கொண்டுபோனால் திருப்பிவிடுவார்களாம். அடுப்புக்குப் பக்கத்தில் தட்டில் பரப்பிக் காயவைத்தார்கள். ஓரளவுக்குத்தான் காய்ந்தது. பந்தயம் வைக்கும்போது எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது?

ஆடி முடிந்த மறுநாள் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், யாரும் என்னை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. ஆனால் வாய் கொடுத்தவள் நான். தெருவுக்குள் நுழையும்போதே அந்த அம்மா பீடிக்கடையிலிருந்து திரும்பி வருவதைப் பார்த்தேன். இடுப்பில் இருந்த பெட்டியில் துணி போட்டு மூடியிருந்தார். துணிக்கடியில், ஈரம் என்று கடையில் திருப்பிவிட்ட கட்டுகள் தெரிந்தன. கடையில் எடுத்துக்கொண்டது முந்தின மாதத்தைவிடக் குறைவு என்பதைக் கேட்காமலே தெரிந்துகொண்டேன். தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். யார் எழுந்து நின்றார்கள், யார் நிற்கவில்லை என்று சாரல் பார்க்கவில்லை. மழையைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அப்படி ஒரு நிபந்தனையை நான் முதலில் சொல்லவில்லையே.

வாசலில் நின்றபடியே, நான் தோற்றுவிட்டேன், இனிமேல் உங்கள் மகளைக் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவளிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒரு வார்த்தை கிடைத்திருக்கவில்லை. நல்லவேளை, அவள் மளிகைக் கடைக்குப் போயிருந்தாள்.

அந்த அம்மா என்னை உள்ளே வந்து உட்காரச் சொன்னார். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார். அடுப்பில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் நின்றதும் தலையைத் தூக்கினேன்.

மேல் பலகைக்கு நேரே நின்றுகொண்டிருந்தார். மகள் வீட்டில் இல்லை. இடதுகையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கையை மேலே கொண்டுபோனார். தோள் மட்டத்தில் ஒரு நிமிஷம் நின்றது. அங்கிருந்து மேலே நகர்ந்தது. காதைத் தாண்டியது. விரல் நுனி தம்ளரைத் தொட்டு, அதை விளிம்பு வரைக்கும் உருட்டிக் கொண்டுவந்து பிடித்தது. அவர் முகத்தில் வலி இருந்தது. கூடவே, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சிரிக்கிற சின்னப் பிள்ளையின் சிரிப்பும் இருந்தது.

காபியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“இவ எந்திரிச்சு எந்திரிச்சு நின்னா, எனக்கும் சும்மா உக்காந்திருக்க முடியல டீச்சர். ராத்திரி இவ ஒறங்குன பொறவு நானும் எந்திரிச்சு நின்னேன். நேத்துதான் பலகை எட்டுச்சு.”

நான் தம்ளரைக் கையில் எடுத்தேன். குடிக்க முடியவில்லை. சொல்வதற்கு வெட்கம் ஒன்றுமில்லை, அழுதேன். காபி சூடு என்று சமாளித்தேன்.

“கட்டு கொறஞ்சதுதான். தோத்துதான் போனீங்க,” என்றார் அவர். “நாளைக்கு அவள அனுப்புதேன். என் கையப் போல அவ கையும் ஆவ வேண்டாம்.”

மதுரைப் போட்டியில் ஈட்டிக்காரி மூன்றாவதாக வந்தாள். முதலாவதாக வந்திருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். என்ன செய்வது, அன்றைக்கு அவளைவிட நன்றாக எறிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஆனாலும் ஓடிவந்து கையைப் பின்னால் கொண்டுபோய், முழங்கையை உயர்த்தி அவள் எறிந்த அந்தக் கடைசி எறியை நான் மறக்கவில்லை. அதில் ஒளிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. அவள் ஆசைப்பட்டபடியே உடற்கல்வி படிக்கப் போனாள்.

அதற்கு அடுத்த வருஷம் ஒரு நாள் கடையநல்லூருக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஈட்டிக்காரியின் ஊரைத் தாண்டும் இடத்தில் ஓட்டுநர் சடக்கென்று பிரேக் போட்டார். சாலையோரத்து வாசல்களில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக எழுந்து நின்று கையை மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லித்தான் கை காட்டுகிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். நடத்துநர் வெளியே எட்டிப் பார்த்து, “ஏறுதியளா, இல்லையா?” என்று சத்தம் போட்டார்.

“நாங்க ஏறல அண்ணாச்சி. நீங்க போங்க,” என்றது ஒரு குரல். யார் என்று பார்த்தேன். அந்த அம்மாதான். இரண்டு கையும் தலைக்கு மேலே இருந்தன. மூன்று மூச்சு முடிகிறவரை அவர் கையை இறக்கவில்லை. கொண்டை பின்கழுத்தில் இல்லை, நன்றாக மேலே ஏறியிருந்தது. அதை அவரே முடிந்திருந்தார் என்று சத்தியம் பண்ணிச் சொல்வேன். பஸ் நகர்ந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலமாகிவிட்டது. இப்போது எனக்கே மேல் பலகையிலிருந்து எதையாவது எடுத்தால் தோள் பிடித்துக்கொள்கிறது. அந்த ஆடிக்குப் பிறகு என்னிடம் பயிற்சிக்கு வந்த எந்தப் பெண்ணிடமும், நீ என்ன விளையாடுவாய் என்று கேட்பதற்கு முன்னால், வீட்டுக்குப் போனதும் உன் கை என்ன வேலை செய்யும் என்று கேட்காமல் நான் விட்டதில்லை. தோற்றுப்போனவளுக்கு அந்த அம்மா எட்டி எடுத்துக் கொடுத்த தம்ளருக்கு என்னால் திருப்பிச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.